புதுப்பிப்பும் பழம்பிரதியும்

பாட்டனார் பேரேட்டில் எழுதினார். தந்தையார் அதனை மேசைக் கணிப்பொறியில் ஏற்றினார். மைந்தனோ, அக்கணிப்பொறியைப் புதுப்பித்த மறுநாட் காலையில், கணக்குத் திறக்கவில்லையே என்று கையைப் பிசைந்து நிற்கின்றான். நகைக்கடை, நெல் அரவை ஆலை, கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், நூல்நிலையம் என எங்கும் இன்று கேட்கப்படும் முறையீடு இது. உடனே கடைவீதியிலிருந்து ஓர் இளைஞர் வரவழைக்கப்படுகின்றார். அவர் பொறியை இரண்டொரு முறை அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டு, “வைரஸ் புகுந்துவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்” என்று தீர்ப்பளிக்கின்றார். பல்லாண்டுக் கணக்கு அத்தீர்ப்போடு மறைகின்றது.

இவ்வாறு மறைவனவற்றுட் பெரும்பாலன மறைந்திருக்க வேண்டியனவே அல்ல என்பதும், அவற்றை மீட்கும் தொழில் பொறிவல்லாரைச் சார்ந்த அளவிற்குத் தமிழ் கற்றாரையும் சார்ந்தது என்பதும் யான் ஈண்டுக் கூற விழைவன. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் கணிப்பொறிப் பழுதைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு நேயர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படிப்பார்களாக.

டேட்டாபேஸ் என்று வழக்கிலும், தரவுத்தளம் என்று நூல்களிலும் கூறப்படுவது யாது? பெயர், ஊர், தொகை, தேதி என்றின்னோரன்ன செய்திகளை வரிசையும் பத்தியுமாக அடுக்கி, வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடே அது. இதன்கண் மூன்று அடுக்கு உண்டு. செய்தி பொதிந்த கோப்பு ஒன்று. அதனைப் படித்துக் கூறும் மென்பொருள் ஒன்று. கூறியதை எழுத்து வடிவாகத் திரையிற் காட்டும் எழுத்துரு ஒன்று. புதுப்பித்தபின் நேரும் கேடு பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நிகழ்வது. முதலாவது நலமாகவே கிடக்கும். நோயாளி உயிரோடிருக்கக் கண்ணாடியில் அவர் முகந் தெரியவில்லையென்று அடக்கஞ் செய்வாருளரோ? நம் கடைவீதி வைத்தியர் செய்வது பெரும்பாலும் அதுவே.

மேசைக் கணிப்பொறிகளிற் பெரிதும் பரவிய தரவுத்தளம், மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆக்செஸ் என்பது. அதன் 97-ஆம் பதிப்பு, எழுத்துக்குறிகளைப் பழைய முறையிற் சேமித்து வைத்தது. 2000-ஆம் பதிப்பு உலக மொழிகட்கெல்லாம் பொதுவாகிய யூனிக்கோடு என்னும் குறியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. 2007-ஆம் பதிப்பு கோப்பின் அமைப்பையே மாற்றி, ஏசிசிடிபி என்ற புதுப்பெயரும் இட்டது. 2013-ஆம் பதிப்போ 97-ஆம் பதிப்பின் கோப்பைக் கண்டால், இதனை யான் அறியேன் என்று கைவிரித்தது. அறியேன் என்றதனால் கோப்பு அழிந்துபோயிற்று என்பது பொருளன்று. 2003-ஆம் பதிப்போ 2010-ஆம் பதிப்போ உள்ள பழம்பொறி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதிற் கோப்பைத் திறந்து, 2002-2003 அமைப்பிற் சேமித்துக்கொண்டு, அதன்பின் புதிய பதிப்பிற் கொடுத்தால் முனகாமல் திறக்கும். இடைப்படியில் ஒரு கால் வைத்து ஏறவேண்டும், அவ்வளவே.

வேறு சில தடைகளும் உள. 32 பிட்டு மென்பொருளுக்கென எழுதிய நிரல் 64 பிட்டு மென்பொருளில் இடறும். நிரல் துணைகொண்டிருந்த நூலகக் கோப்பொன்று புதுப்பொறியில் இல்லாதிருக்கும். முன்னாளில் ஒருவர் திறந்தவாறே மின்சாரம் போயிருந்தால், பூட்டுக் கோப்பு எஞ்சி நின்று பிறரைத் தடுக்கும். இவையெல்லாம் அறிந்தார்க்கு அரைநாள் வேலை. ஒன்று மட்டும் அழுத்திக் கூறுவேன்: ‘காம்பாக்ட் அண்டு ரிப்பேர்’ என்றொரு கட்டளை உண்டு, கோப்பைச் சுருக்கிச் செப்பனிடுவது. அதனைப் படியெடுத்து வையாத ஒற்றைக் கோப்பின்மேல் ஏவுதல் தகாது. செப்பனிடுங்கால் எதனையேனும் அது தள்ளிவிடின், தள்ளியது யாதென்று கேட்பதற்கு வேறு பிரதி வேண்டும்.

இனித் தமிழுக்கே உரிய தொல்லைக்கு வருவோம். விரிவாகக் கூறவேண்டுவது இதுவே.

யூனிக்கோடு பரவுமுன் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியோர் ஓர் உபாயஞ் செய்தனர். ஆங்கில எழுத்துக்கென ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து வைத்தனர். இலங்கையிலும் தமிழகத்து அச்சகங்களிலும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று தட்டினால், பொறியினுள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்ற உடையை உடுத்தினால் அவ்வைந்தும் தமிழாய்த் தோன்றும். உடையைக் களைந்தால் பொருளற்ற ஆங்கிலமாய் நிற்கும். புதிய கணிப்பொறியில் அவ்வெழுத்துருவை நிறுவ மறந்தவர் மறுநாள் காண்பது இக்கோலத்தையே. வைரஸ் என்று அழிக்கப்பட்ட தமிழ்ப் பட்டியல்களுள் எத்தனை இங்ஙனம் உடை களைந்த குற்றம் ஒன்றற்காகவே மாண்டனவோ!

ஓர் எழுத்துரு மட்டும் இருந்திருப்பினும் கவலையில்லை. ஒவ்வொரு நிறுவனத்தாரும் தத்தம் மனம்போனவாறு வெவ்வேறிடத்தில் எழுத்தை வைத்தனர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. இணையத்தார் டிஸ்கி என்ற வேறொன்றைப் பயின்றனர். அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார் எழுத்துரு பெருக வழங்கிற்று. 2010-ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான் தமிழக அரசு யூனிக்கோட்டையும் டேஸ் 16 என்பதனையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னர்ச் சேர்ந்த செய்தியெல்லாம் ஏதேனும் ஒரு பழங்குறியேற்றத்திற் கிடப்பது இயல்பே.

ஆகவே மென்பொருளைப் புதுப்பிக்குங்கால் செய்தியையும் யூனிக்கோட்டுக்கு மாற்றவேண்டும். இதற்கு மாற்றிகள் பல உள. பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது என்பர். முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றது.

‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்க. யூனிக்கோட்டில் இதனைக் ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பல தேடல் நிரல்களுக்கோ அவை வேறு வேறு. ஔகாரம் இதனினும் கொடிது. ‘சௌ’ என்பதற்குரிய குறி ஒன்றாயிருக்க, கொம்பும் ளகரமுமாகச் ‘செள’ என்று தட்டும் வழக்கம் பரந்துள்ளது. ‘ஔவையார்’ என்னும் பெயரோ ஒகரத்தோடு ளகரஞ் சேர்ந்து ‘ஒளவையார்’ ஆகின்றது. அவர் பெயரையே ஓர் எழுத்துருவுக்குச் சூட்டிய நாட்டில் அவரைத் தேடினாற் கிடைப்பதில்லை! ‘ஸ்ரீ’ என்பதும் அவ்வாறே. அதற்குரிய வடமொழிச் சகரம் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்கோடு 4.1-இல்தான் இடம்பெற்றது. அதற்குமுன் அதனை ஸகரங்கொண்டு அமைத்தனர். ஒரே பெயர் 2005-க்கு முன் ஒரு விதமாகவும் பின் வேறு விதமாகவும் உள்ளே பதிந்திருக்கக் கூடும்.

இதனால் விளையுந் தீங்கு சிறிதோ என்பார்க்கு யான் அறிந்த ஒன்றைக் கூறுவேன். எம்மூர்ப் பக்கத்துக் கடையொன்றில் நகைச்சீட்டுக் கணக்கு மேசைக் கணிப்பொறியில் இருந்தது. மென்பொருளைப் புதுப்பித்தபோது பழைய பெயர்களை மாற்றி கொண்டு ஏற்றினர். அதன்பின் வந்த தவணைகளைக் கையால் தட்டினர். ஏற்றியதில் ஔகாரக் குறி; தட்டியதில் கொம்பும் ளகரமும். சௌந்தரம் முதலிய பெயருடைய வாடிக்கையாளரெல்லாம் இரண்டிரண்டு பேராயினர். அவருள் ஓர் அம்மையார், கூலிவேலை செய்து மாதந்தோறும் கட்டியவர், சீட்டு முடிந்து நகை வாங்கச் சென்றபோது, ஐந்து தவணைதான் வரவு வந்துளது என்று கூறப்பட்டார். ஏனை ஒன்பதும் மற்றொரு ‘சௌந்தரம்’ பேரில் இருந்தன. அவரைக் காத்தது கணிப்பொறியன்று. மாதந்தோறும் கையொப்பமிட்டுக் கொடுத்த மஞ்சள் அட்டை. அட்டையைத் தொலைத்திருந்தால் யாரிடம் சென்று முறையிடுவார்?

சரி, கொம்பும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றுக என்று ஒரே கட்டளையிடலாமே என்று பொறிவல்லார் கூறுவர். இட்டும் இருக்கின்றனர். அதன் பயனை இணையத்துச் செய்தித்தாள்களில் இன்றும் காணலாம். ‘வெளியீடு’ என்னுஞ் சொல்லிலும் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வருகின்றனவன்றோ? ‘வெள்ளம்’ என்பதிலும் அவ்வாறே. கட்டளை அவற்றையும் விழுங்கிவிட, ‘வெளி’ என்பது ஔகாரமும் தனித்து நிற்கும் இகரக் குறியுமாக உருக்குலைந்து நிற்கின்றது. எந்த ளகரம் எழுத்து, எந்த ளகரம் குறி என்று பகுத்துரைக்கப் பொறியறிவு போதாது, சொல்லறிவு வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இத்தகைய சிக்கல் புதிதன்று. ஏட்டுச்சுவடியிற் புள்ளியிடும் வழக்கமில்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வடிவில் வேற்றுமையில்லை. அவ்வேற்றுமையைத் தெளிய வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் காலம் 1680 முதல் 1747 வரை. காலும் ரகரமும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். அவ்வேட்டினின்றும் காகிதத்துக்கும் அச்சுக்கும் நம் நூல்களை ஏற்றிய பெரியோர் எதிர்ப்பட்ட இடுக்கண், இன்று மாற்றியை அமுக்குவோன் எதிர்ப்படும் இடுக்கணே. அவர்கள் என்ன செய்தனர்? யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினாரியிற் பயின்று, 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய்த் தேறிய சி. வை. தாமோதரம் பிள்ளை, 1887-இல் கலித்தொகையை அச்சிட்டார். அவ்வாண்டே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்ததும், கிடைத்த பிரதிகளை ஒப்பு நோக்கியதும், ஐயப்பட்டவிடத்துத் தம் ஊகத்தை மூலத்தினுட் புகுத்தாது பாடபேதமாகக் குறித்ததும் ஐயரவர்கள் பதிப்புக்களைப் புரட்டினார் எவரும் அறிவர்.

தரவுத்தளத்தைச் செப்பனிடுவோர்க்கு வேண்டும் ஒழுக்கமும் இஃதே. புதுப்பிக்குமுன் பழங்கோப்பைப் படியெடுத்து, வேறொரு தட்டில் தொடாமல் வைத்தல். எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டதென்று தாளில் எழுதி, அவ்வெழுத்துருவையும் உடன் வைத்தல். மாற்றுமுன் எத்தனை வரிசை, மாற்றியபின் எத்தனை வரிசை என்று எண்ணுதல். இருபது முப்பது பெயர்களையேனும் எடுத்துப் பழைய திரையோடு புதிய திரையை ஒப்பிடுதல். இவ்விருபதில் ஔகாரப் பெயரும், ஒகரப் பெயரும், ஆங்கிலம் கலந்த பெயரும் தவறாது இருக்கவேண்டும். பாமினியிற் கிடந்த பத்தியில் யாரேனும் ஆங்கில முகவரி எழுதி வைத்திருப்பின், மாற்றி அதனையும் தமிழென்று கருதி, எம்மொழியிலுஞ் சேராத ஒன்றாக ஆக்கிவிடும். ஐயமானவற்றை மூலப் பத்தியில் திருத்தாது, பக்கத்தில் மற்றொரு பத்தி வகுத்து அதில் திருத்தம் எழுதுதல் நன்று. கணிப்பொறியார் இதற்கு வேறு பெயர் இடுவர்; நமக்கு அது பாடபேதமே.

எழுத்து வேறு, வரிவடிவு வேறு என்னும் நுட்பமும் நம் இலக்கண வகுப்பில் முதலாண்டிலேயே பயில்வது. 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தஞ் செய்தபோது லை, ளை, ணை, னை முதலியவற்றின் வடிவு மாறிற்று, எழுத்து மாறவில்லை. யூனிக்கோட்டிலும் லகரமும் ஐகாரக் குறியும் என்றே அது பதியும். யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவிற் காட்டுவதோ புதிய வடிவிற் காட்டுவதோ எழுத்துருவின் தொழில். இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் திரையிற் கண்ட கோலத்தைக் கண்டு மருளமாட்டான்.

அகராதி வரிசையும் குலைவதுண்டு. யூனிக்கோட்டில் தமிழுக்கு வகுத்த இடம் இஸ்கி என்னும் இந்தியத் தரத்தைப் பின்பற்றியது. அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் நின்று, அவற்றின்பின் வகரம் வரும். புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் இறுதியில் உள்ளது. எனவே குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் நிரலில் ‘மகன்’ முன்னும் ‘மக்கள்’ பின்னுமாக வரும். பட்டியலில் என் பெயர் இல்லை என்பார் பலர். பெயர் உண்டு, நன்னூல் வைத்த இடத்தில் இல்லை.

ஊர்ப்பெயருக்கு வருவோம். எம்மூராகிய தியாகதுருகத்தை அறியாதார் சிலரே இருப்பர். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலஞ் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்கு இப்பால், மலைக்கோட்டையோடு தோன்றும் ஊர் அது. ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாறுகளில் அது ‘தியாகர்’ என வழங்கும். 1790-இல் திப்பு சுல்தான் படையை எதிர்த்துக் காப்டன் பிளிண்டு என்பார் அக்கோட்டையைக் காத்தனர். இன்று அதன் பெயரைத் தியாகதுருகம், தியாகதுர்கம், தியாகதுர்க்கம் எனப் பலவாறு எழுதுகின்றனர். ஆங்கிலத்திலோ இன்னும் பல. ஆங்கிலத்திலேயே பதிந்தால் இத்தொல்லை யாவும் ஒழியும் என்று வாதிடுவோர் எம்மூர்ப் பெயரை ஒரே விதமாக எழுதிக் காட்டட்டும். அதன்பின் அவரோடு வாதிடுவேன்.

அன்றியும், தியாகதுருகம் 1993-ஆம் ஆண்டுவரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பின் விழுப்புரம் மாவட்டத்தில். 2019-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். புதுப்பிக்கும்போது கூடவே இதனையும் சரிசெய்து விடுவோம் என்று, ‘விழுப்புரம்’ என வருமிடமெல்லாம் ‘கள்ளக்குறிச்சி’ என்று ஒரே கட்டளையால் மாற்றினார் நிலைமை என்னாகும்? திண்டிவனத்தாரும் ஒரு நொடியிற் கள்ளக்குறிச்சியாராவர். 2005-இல் பிறந்த எம்மூர்ப் பிள்ளையின் சான்றிதழில் விழுப்புரம் என்றும், கணிப்பொறியிற் கள்ளக்குறிச்சி என்றும் இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து ஒரு நாட்கூலியை இழந்து, பேருந்தேறி இறங்கி வரும் ஒருவர்க்கு, “இரண்டும் ஒத்துவரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்பது சிறு சொல்லன்று. பழம்பதிவு அக்காலத்து உண்மையைக் கூறுகின்றது. அதனை இக்காலத்துக்கு ஏற்பத் திருத்துவது, சங்கச் செய்யுளில் இக்காலச் சொல்லைப் புகுத்துவது போல்வதே.

அப்படியாயின் புதுப்பிக்கவே வேண்டா, பழையதே போதும் என்பார் உளர். அவர்மேல் எனக்கு இரக்கமுண்டு, உடன்பாடில்லை. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயக்குதளத்துக்கு நிறுவனத்தார் அளித்த ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் நின்றது. விசுவல் பாக்ஸ்பிரோ என்னும் தரவுத்தளத்துக்கு 2015-லேயே நின்றுவிட்டது. ஆதரவற்ற பொறி திருடர்க்குத் திறந்த வீடு. பொறியும் ஒருநாள் தானே மாளும். மாண்டபின் மாற்றுவதினும் உயிரோடிருக்கையில் மாற்றுதல் எளிது.

தமிழ் மாணவன் சங்க நூலை விட்டு இவற்றில் இறங்குதல் தகுமோ என்று ஆசிரியப் பெருமக்களிற் சிலர் வினவுவர். சுவடியியல் நம் பாடத்தில் இருக்கின்றது. பாடபேதம் ஆராய்தலும், எழுத்து மயக்கம் உணர்தலும், மூலபாடம் துணிதலும் அங்கே பயிலப்படுகின்றன. அப்பாடத்தில் ஓலையோடு நிறுத்தாது, பழைய எழுத்துருக்களிற் கிடக்கும் கோப்பொன்றையும் கொடுத்து ஒப்புநோக்கச் சொன்னால் என்ன குறை வந்துவிடும்? ஓலையைச் செல்லரிக்கச் சில நூற்றாண்டு ஆயிற்று. 1990-களில் வாங்கிய தட்டுக்கள் இப்பொழுதே படிக்கப்படாது போகின்றன. பொறியியல் மாணவர் கோப்பைத் திறந்து கொடுக்கட்டும். திறந்ததைப் படிக்க நாம் அருகே அமர்வோம். இருவருள் ஒருவர் இல்லாமல் வேலை ஆகாது என்பதே என் கருத்து. அவர்களை விலக்கச் சொல்லவில்லை.

தொடங்குதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நூல்நிலையத்துப் பட்டியலே போதும். அதனைத் தட்டியோர் பலர். தட்டிய காலங்களும் பல. வாரத்துக்கு இரண்டு மாலைப்பொழுது, இருவர் வீதம் அமர்ந்தால் இப்பருவம் முடிவதற்குள் ஆசிரியர் பெயர்ப் பத்தியை முழுதும் ஒப்புநோக்கிவிடலாம். ‘ஔ’ என்னும் எழுத்திலேயே முதலிற் கைவைக்கலாம் என்பது என் விண்ணப்பம். அப்பட்டியலில் ஔவையார் எத்தனை பேர் என்று சென்ற மாதம் தேடிப் பார்த்தேன். நால்வர் இருக்கின்றனர்.